ராவுத்தரம்மாவின் மெஷின்

என் தையல் கடையில் கட்டிங் மேசைக்கு மேலே ஒரு மெஷின் ஆணியில் தொங்குகிறது. இடுப்பு உயரத்துக்கு ஓர் அலுமினியக் கம்பி, அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் கறுப்பு வட்டம், கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி, பெட்டியிலிருந்து சுருள் வயரில் தொங்கும் ஹெட்போன். புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, புல் வெட்டுகிற மெஷினா என்று கேட்பார்கள். மண்ணுக்குள் கிடக்கிற தங்கம், இரும்பைக் காட்டிக் கொடுக்கிற மெஷின் என்று சொன்னால், தையற்காரிக்கு இது எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். குழந்தைகள் சட்டையைத் தைத்து முடித்ததும் அதன் மேல் இந்த வட்டத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். உடைந்த ஊசிமுனையோ மறந்துபோன குண்டூசியோ மடிப்புக்குள் இருந்தால் கரகரவென்று கத்திவிடும். சின்னமனூரில் என் கடைத் துணி குத்தாது என்று பெயர் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் இந்த மெஷின் ஊசிமுனை தேடப் பிறந்ததில்லை. ஒரு காலத்தில் என் மானம் இதன் சத்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மெஷினுக்குச் சொந்தக்காரர் உத்தமபாளையத்து ராவுத்தரம்மா. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் நான் அறிந்தவர்கள் எல்லாரும் அவரை அப்படித்தான் சொன்னார்கள். அவர் கணவர் சவூதியில் குழாய் பதிக்கிற கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் கம்பளியும் கொண்டுவந்த இடத்தில் இவர் இந்த மெஷினைக் கொண்டுவந்தார். மலையடிவாரத்தில் ராஜா காலத்துப் புதையல் கிடக்கிறது என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். மனுஷன் கரட்டிலும் ஓடையிலும் வருஷக்கணக்கில் அலைந்து, லாடமும் ஆணியுமாக ஒரு சாக்கு சேர்த்ததுதான் மிச்சம். "எங்க வீட்டு ராவுத்தர் எடுத்த புதையல வச்சு ஊரு மாட்டுக்கெல்லாம் லாடம் அடிச்சிருக்கலாம்" என்று அந்தம்மா சொல்லிச் சிரிப்பார். ராவுத்தர் காலமான பிறகு பரணில் கிடந்த மெஷின், அந்தம்மாவின் சொந்த மூக்குத்தி மாட்டுக் கொட்டத்தில் விழுந்த அன்று கீழே இறங்கியது. மூக்குத்தி கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். அப்புறம் சொல்ல வேண்டுமா?

நகையைத் தொலைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தொலைந்ததும் அவர்கள் செய்கிற முதல் காரியம், புருஷனுக்கும் மாமியாருக்கும் தெரியாமல் மறைப்பது. அந்த நேரத்தில் ஓர் ஆம்பளை மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வர முடியாது. குளியலறையிலும் அடுப்படியிலும் நுழைய முடியாது. ராவுத்தரம்மாவால் முடிந்தது. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி, மெஷினைப் பழைய சேலையில் பிள்ளை போலச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். வாங்குவது பேட்டரிச் செலவும் இரண்டு வேளை டீயும். சரியான கோபக்காரர். சர்க்கரை குறைந்த டீயைக் கொடுத்தால் அந்த வீட்டு மோதிரம் கிடைக்காமலே போகட்டும் என்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. "தொலைச்சவுக வாயால கூப்பிடணும். எடுத்தது என் வாயால வெளிய போகக் கூடாது." இந்த இரண்டாவது சட்டத்துக்காகத்தான் பெண்கள் அவரை நம்பினார்கள். பெரியகுளம் வரைக்கும் அவர் எத்தனையோ வீட்டு ரகசியத்தை வயிற்றில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

நான் அப்போது ஓடைப்பட்டியில் இருந்தேன். அப்பா இல்லை, அம்மாவுக்கு மூச்சிரைப்பு. வீடு வீடாகப் போய் அளவெடுத்து, வீட்டில் வைத்துத் தைத்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பேன். செல்போன் கைக்குக் கை வராத காலம்; ரெடிமேட் சுடிதாரும் அவ்வளவாக வரவில்லை. அளவெடுப்பது என்றால் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுவார்கள். தலைவழியே போடுகிற டாப்ஸ் என்றால் தோடு ஜிமிக்கி மாட்டும் என்று அதையும் கழற்றுவார்கள். இது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. அப்படிக் கழற்றியதை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. என் கண் முழுக்கத் தோள்பட்டையிலும் இடுப்பிலும்தான் இருக்கும்.

புரட்டாசி மாதம். திராட்சைத் தோட்டத்து வீட்டில் மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அந்த வீட்டம்மா எனக்கு ஊர் முறைக்கு அத்தை, அவர் வீட்டுக்காரர் மாமா. தைத்த சுடிதாரைப் போட்டுப் பார்க்க நான் போனபோது கழுத்து சற்றுச் சின்னதாக இருந்தது. கல்யாணப் பெண் தன் சிவப்புக்கல் தோடு இரண்டையும் கழற்றி அவள் அம்மாவிடம் கொடுத்தாள். அத்தை வாங்கினார். இது என் கண்ணால் கண்டது. பிறகு நான் தோளில் குண்டூசி குத்தி, கழுத்தில் கோடு போட்டு, பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று டாப்ஸை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் என் வீட்டு வாசலில் அத்தையும் மாமாவும் இன்னும் நாலு பேரும் நின்றார்கள். தோட்டைக் காணோம்.

அந்தத் தோடு அத்தையின் அம்மா போட்டது, அதற்கு முன்னால் அவர் அம்மா போட்டது. கல்யாண மேடையில் பெண் அதைத்தான் போட வேண்டும். அத்தை அழுத கண்ணோடு, ஜன்னல் கட்டையில் வைத்ததாகச் சொன்னார். "ஜன்னல் கட்டைக்குப் பக்கத்துல நின்னது இவ மட்டுந்தான்" என்றார் மாமா. என் தையல் மெஷின் டிராயரைக் கவிழ்த்தார்கள். பாபினும் பொத்தானும் தரையில் உருண்டன. ஊர்க்காரர்களின் தைக்காத துணிமூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக உதறினார்கள். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றார். கல்யாணப் பெண்ணும் வந்திருந்தாள். தோட்டைத் தன் அம்மா கையில் கொடுத்தது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவளையே பார்த்தேன். அவள் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

போலீசுக்குப் போகவில்லை. கல்யாண வீட்டுக்குப் போலீஸ் வந்தால் சம்பந்திக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயிலில் நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. எரிகிற சூடத்தின் மேல் கையை வைத்து, நான் எடுக்கவில்லை, எடுத்திருந்தால் என் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று சொல்லி அணைக்க வேண்டும். "நீ எடுக்கலைல்ல, அணைச்சிட்டு வந்துரு. என்ன பயம்?" என்றார் அம்மா. அம்மாவுக்குச் சாமி மேல் இருந்த நம்பிக்கை எனக்கு ஊர் மேல் இல்லை. சத்தியம் செய்தவளை ஊர் அதன் பிறகுதான் உற்றுப் பார்க்க ஆரம்பிக்கும். எங்கள் வீட்டு ஆடு செத்தால், அம்மாவுக்கு மூச்சுத் திணறினால், எனக்குக் கல்யாணம் தள்ளிப்போனால், 'சாமி கேட்டுருச்சு' என்று ஆளாளுக்குத் தலையாட்டுவார்கள். மூச்சிரைப்புக்காரியை வீட்டில் வைத்துக்கொண்டு நான் எப்படி அதற்குள் தலையைக் கொடுப்பது? அதோடு, சூடம் அணைத்தவளை எந்த வீடு அளவெடுக்க உள்ளே விடும்?

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் உத்தமபாளையம் போனேன். ராவுத்தரம்மா வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கியதும் கையமர்த்தினார்.

"தொலைச்சது யாரு?"

"நான்தாம்மா."

"என்ன தொலைச்ச?"

"தோடு. செவப்புக்கல் தோடு."

பொய்தான். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. ராவுத்தரம்மா என் காதைப் பார்த்தார். காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று நான் செருகியிருந்த வேப்பங்குச்சியை நன்றாகவே பார்த்தார். சிவப்புக்கல் தோடு போடுகிறவள் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு அலைய மாட்டாள் என்பது ஆட்டுக்குக்கூடத் தெரியும். அவர் எழுந்து கை கழுவிவிட்டுக் கொடியில் கிடந்த துப்பட்டியை எடுத்து உதறினார். பஸ்ஸில் வரும்போதுதான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பேட்டரி பழசு. வழியில வாங்கணும்" என்று மட்டும் சொன்னார்.

திராட்சைத் தோட்டத்து வீட்டில் எங்களை வா என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ராவுத்தரம்மாவைத் திருப்பி அனுப்ப யாருக்கும் தைரியம் வராது. அவர் யார் வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாததே அவருக்கு ஒரு பலம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் கட்டையில் தொடங்கினார். ஜன்னலுக்கு வெளியே சாக்கடை, கட்டிலுக்கு அடியில், பாய்ச் சுருட்டுக்குள், குளியலறைத் தொட்டிக்குப் பின்னால் என்று போனார். பத்துப் பைசாக் காசுகள், கொண்டை ஊசிகள், ஒரு பழைய சாவி, இருமல் மருந்து மூடி என்று ஒவ்வொன்றாக வந்தன. மாமா கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றார். "இவ கையில இருக்கிறத வீட்டுக்குள்ள தேடுனா எப்படிக் கெடைக்கும்?" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். மதியமாகியும் தோடு கிடைக்கவில்லை. மேற்கே மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

ராவுத்தரம்மா ஹெட்போனைக் கழற்றினார். மதியத்து லுகர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, கை கால் முகம் கழுவி ஒளு எடுக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார். அத்தை கல்யாணத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். ராவுத்தரம்மா தன் விரலில் இறுகிக் கிடந்த மோதிரத்தைத் திருகிக் கழற்றி, "இத செத்த வையித்தா" என்று அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, கல்யாணம் எந்த மண்டபத்தில், சமையலுக்கு யார் என்று விசாரித்துக்கொண்டே குழாயடிக்கு நடந்தார். அத்தை பதில் சொல்லிக்கொண்டே குனிந்து, மோதிரத்தை முறத்தில் இருந்த அரிசியின் மேல் வைத்தார்.

வைத்த கை அப்படியே நின்றது. நான் பார்த்தேன், கல்யாணப் பெண் பார்த்தாள், மாமா பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் உடம்பை விட்டு இறங்கிய தங்கத்தை வெறுந்தரையிலும் வெறும் கட்டையிலும் வைக்க மாட்டார்கள். தானியத்தின் மேல்தான் வைப்பார்கள். அத்தைக்கு அவர் அம்மா வீட்டிலிருந்து வந்த பழக்கம். மனசு ஜன்னல் கட்டை என்று சாதிக்கிறது. கைக்கு முறம்தான் தெரிகிறது. "அன்னைக்கு மொறத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன். கல்யாணப் பெண்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு, "வெத கம்பு" என்றாள். அந்த வாரத்தில் அவள் என் காதில் விழச் சொன்ன முதல் வார்த்தை அது.

ராவுத்தரம்மா அதைத் தெரிந்து செய்தாரா, இல்லை ஒளுவுக்குத்தான் மோதிரத்தைக் கழற்றினாரா என்று பின்னால் பல தடவை கேட்டிருக்கிறேன். "தொழுகைய வச்சு யாராவது தந்திரம் பண்ணுவாகளா?" என்று முறைப்பார். அந்த முறைப்பின் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்ததா என்றும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

விதைக் கம்பை மாமா தோடு காணாமல் போன அன்றே எடுத்துக்கொண்டு போய் விதைத்துவிட்டார். மழை வரும் போலிருந்ததால் அவசரம். முறத்தில் இருந்ததைக் கூடையில் கொட்டி, சீராக விழுவதற்காக மணலைக் கலந்து, அள்ளி அள்ளி வீசியிருக்கிறார். பிறகு மாட்டைக் கட்டி மேலாக உழுதும் விட்டார். நாங்கள் காட்டுக்குப் போனபோது மண் வாசனை வரத் தொடங்கியிருந்தது. ஒரு மழை இறங்கினால் போதும். அந்தக் கரிசல் குழைந்து மூடிக்கொள்ளும், தோடு இன்னும் கீழே போகும், பயிர் முளைத்தால் அறுவடை வரைக்கும் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். வெள்ளிக்கிழமைச் சூடம் அறுவடைக்காகக் காத்திருக்காது.

அதற்கு மேல் ஒரு சோதனை. அந்த நிலம் முன்பு திராட்சைப் பந்தலாக இருந்தது. பந்தலைப் பிரித்துக் கல்லையும் கம்பியையும் விற்றுவிட்டார்கள். கொடியைக் கட்டிய கட்டுக்கம்பித் துண்டுகள் மட்டும் நிலம் முழுக்க விதைத்தது போலக் கிடந்தன. ராவுத்தரம்மா வட்டத்தைத் தரையில் வைத்ததும் மெஷின் அவர் காதுக்குள் அலறத் தொடங்கியது, நிறுத்தவேயில்லை. "அல்லாவே, இது காடா, இரும்புக் கடையா?" என்றார். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, விதைத்ததை எங்கே தொடங்கி எங்கே முடித்தீர்கள் என்று கேட்டார். மாமா வேண்டா வெறுப்பாகக் கிணற்று மேட்டைக் காட்டினார், அங்கேதான் முடித்தாராம். "கலக்கக் கலக்கக் கனமானது அடிக்கு எறங்கியிருக்கும். கடைசி கை வீசுன எடத்துலேர்ந்து வாரேன்" என்று அங்கே போனார்.

இரும்புக்குக் கரகரவென்று தடித்த சத்தம். தங்கம், செம்பு, பித்தளைக்கு மெல்லிய மணிச் சத்தம். தடித்த சத்தத்தை அவர் காதிலேயே வடிகட்டிவிட்டு நகர்ந்தார். மணிச் சத்தம் கேட்டால் நிற்பார், நான் மண்டியிட்டுத் தோண்டுவேன். முதல் தடவை பாக்குப் பொட்டலத்தின் மினுக்குத் தாள். இரண்டாவது தடவையும் அதுதான். மருந்து பாட்டிலின் மூடி வந்தது, சைக்கிள் மணியின் உடைந்த கிண்ணம் வந்தது. ஒவ்வொரு தடவையும் மண்ணுக்குள் விரலை விடும்போது இதுதான், இதுதான் என்று சொல்லிக்கொண்டேன். நகக்கண்ணெல்லாம் கிழிந்தது. வரப்பில் அத்தையும் மகளும் நின்றார்கள். பக்கத்தில் மாமாவின் தோட்டத்து ஆட்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். தூறல் ஒன்றிரண்டாக என் முதுகில் விழுந்தது. மெஷினில் தண்ணீர் படக் கூடாது என்று ராவுத்தரம்மா தன் துப்பட்டியைக் கழற்றிப் பெட்டியின் மேல் சுற்றினார். வெளியிடத்தில் தலையிலிருந்து துப்பட்டியை எடுத்து நான் அவரைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சேலைத் தலைப்பை இழுத்து இறுக்கிக்கொண்டு மறுபடி நடந்தார்.

அடுத்த மணிச் சத்தத்துக்கு நான் தோண்டவே வேண்டியிருக்கவில்லை. கட்டி ஒன்றைப் புரட்டினேன். மண்ணோடு மண்ணாகச் சிவப்பாக ஏதோ மின்னியது. ஒரு தோடு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்தபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே அதை அத்தையிடம் நீட்டினேன். அத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போது மாமா கேட்டார், நிதானமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "ஒண்ணு இங்கன கெடக்கு. சரி. இன்னொண்ணு எங்க?"

யோசித்துப் பாருங்கள். கிடைக்காமலே போயிருந்தால்கூட ஒரு சந்தேகம்தான். ஒன்று மட்டும் கிடைத்ததில் நான் இன்னும் பெரிய கள்ளியானேன். ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றை விட்டுவைத்து, இப்போது நானே இடத்தைக் காட்டி நாடகம் ஆடுகிறேன் என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அழுகை நின்றுபோய் ஆத்திரம் ஏறியது. நான் என்னவோ கத்த வாயெடுத்தேன். ராவுத்தரம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். கிணற்று மேட்டில் அங்குலம் அங்குலமாக மறுபடி ஓட்டினார். கரகரச் சத்தம்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, பேட்டரி இறங்கிச் சத்தம் மெலிகிறது என்றார் ராவுத்தரம்மா. அவர் நின்று, நெற்றியைத் துடைத்து, மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"வெதச்ச கூடை எங்கன இருக்கு?"

"மோட்டார் ரூம்புல மாட்டிக் கெடக்கு. அதுல என்ன?"

"கொண்டாங்க."

மாமா நகரவில்லை. கல்யாணப் பெண் ஓடிப்போய் எடுத்து வந்தாள். மூங்கில் கூடை, விதை ஒழுகாமல் இருக்க உள்ளே சாணி மெழுகியிருந்தது. காய்ந்த சாணி அடியில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ராவுத்தரம்மா கூடையைக் கவிழ்த்து அதன் அடியில் வட்டத்தை ஓட்டினார். ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி என் பக்கம் திருப்பினார். மெல்லிதாக, ஆனால் தெளிவாக, மணிச் சத்தம் எனக்கும் கேட்டது. விரலால் சாணிப் பாளத்தைப் பெயர்த்தார். மூங்கில் இடுக்கில் திருகாணி மாட்டி, இரண்டாவது தோடு உட்கார்ந்திருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கூடையை அப்படியே மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். மாமாவே எடுத்தார்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. கிடைத்துவிட்டது, சந்தோஷம், நாளைக்கு யாரும் கோயிலுக்கு வர வேண்டாம் என்று மாமா சொன்னார். தோட்டை விதையோடு விதைத்தது வெளியே தெரிந்தால் கல்யாண நேரத்தில் சம்பந்தி வீட்டில் சிரிப்பார்கள், ஆகவே இதை இதோடு விட்டுவிடலாம் என்று அத்தை என் கையைப் பிடித்தார். வரப்பில் நின்றவர்கள் எல்லாம் அவர் தோட்டத்தில் கூலி வாங்குகிறவர்கள். அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். திருட்டை ஊரெல்லாம் சொன்னவர்கள், கிடைத்ததைக் காட்டோடு புதைக்கப் பார்த்தார்கள். நான் கையை விடுவித்துக்கொண்டேன். "நாளைக்கு நான் வருவேன் அத்தே. நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ் ஏற்றிவிடும்போது ராவுத்தரம்மாவிடம், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்வீர்களா என்று கேட்டேன். "என் சட்டம் ஒனக்குத் தெரியுமுல்ல?" என்றார். எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் வாசல் நிறைந்திருந்தது. வர வேண்டாம் என்று சொன்ன மாமாவாலும் அத்தையாலும் வராமல் இருக்க முடியவில்லை; வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஊர் கேட்கும். பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி என் முன்னால் நீட்டினார். நான் அத்தையைப் பார்த்தேன். தோடு கிடைத்துவிட்டது என்று அவர் சொன்னால் போதும். அத்தை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். மாமா கோபுரத்தைப் பார்த்தார். சூடம் எரிந்துகொண்டிருந்தது. கை வை என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். என் கை தானாக எழுந்தது. அம்மா என் பின்னால் இரைக்கும் சத்தம் கேட்டது.

"ஏ ஆத்தா, கைய எடு!"

கோயில் வாசலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், வெள்ளைத் துப்பட்டியோடு ராவுத்தரம்மா நின்றார். இடுப்பில் பழைய சேலையில் சுற்றிய மெஷின். உள்ளே வராமல் அங்கிருந்தே பேசினார். நேற்று மதியத்துக்கு மேல் இந்த அம்மாவின் காட்டில் ஒரு தோட்டையும், இவர்கள் வீட்டு விதைக் கூடையில் ஒரு தோட்டையும் தான்தான் எடுத்துக் கொடுத்தது. முறத்தில் வைத்தது இந்த அம்மா, விதைத்தது இந்த ஐயா. இந்தப் பிள்ளை மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று சந்தையில் கூவுகிறவர் போல ஒவ்வொன்றாகச் சொன்னார். "இல்லைன்னா இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க, அவுகளே வந்து இந்தச் சூடத்த அணைக்கட்டும்" என்று முடித்தார். அத்தை அப்படியே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பூசாரி தட்டைப் பிடித்தபடியே நின்றார். சூடம் யார் கையும் படாமல் தானாக எரிந்து தீர்ந்தது.

அன்றோடு ராவுத்தரம்மாவின் தொழில் விழுந்தது. தொலைத்ததை வெளியே சொல்லிவிடுகிற பொம்பளையை யார் கூப்பிடுவார்கள்? நான் போய் மன்னிப்புக் கேட்டபோது, "விடு, பேட்டரிச் செலவு மிச்சம்" என்றார். பிறகு, "அன்னைக்கு ராத்திரி கண்ணே மூடல ஆத்தா. நீ கேட்டுட்டு சும்மா போயிட்ட பாரு, அதான்" என்றார். நான் சின்னமனூரில் கடை போட்ட பிறகு மாதம் ஒரு தடவையாவது வந்து, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். பின்னால் அவருக்குக் காது மந்தமாயிற்று. மகளோடு திருப்பூர் போவதற்கு முன்னால் ஒருநாள் மெஷினைக் கொண்டுவந்து, அவரே ஸ்டூலில் ஏறி ஆணி அடித்து மாட்டினார். "சத்தம் கேக்காதவளுக்கு இது எதுக்கு? ஒனக்கு ஊசி தேடவாவது ஆகும்." போன வருஷம் திருப்பூரிலேயே மவுத்தாகிவிட்டார் என்று அவர் தெருக்காரர் ஒருவர் துணி கொடுக்க வந்தபோது சொன்னார். செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று முழுக்க நான் தையல் மெஷினில் கால் வைக்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் யாருடைய நகையையும் கையில் வாங்கியதில்லை. கடைக்குள் நுழைகிற பெண்களிடம், கழற்றுவதை நீங்களே கைப்பையில் போட்டு உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன மாதம் ஒருத்தி தன் மகளோடு வந்தாள். உடம்பு போட்டிருந்ததால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. காதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சிவப்புக்கல் தோடு. கம்பத்தில் குடியிருக்கிறாளாம். அவள் எங்கள் பழைய விஷயம் எதையும் பேசவில்லை, நானும் பேசவில்லை. டாப்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். வழக்கம் போலக் கைப்பை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் இரண்டு தோட்டையும் கழற்றி, என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் வாங்கவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை. அன்று என் வீட்டு வாசலில் கால் விரலைப் பார்த்தவள், இப்போது என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா" என்றாள்.

என் கோபம் முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனாலும் கையை நீட்டினேன். இடது கையில் தோட்டை மூடி வைத்துக்கொண்டு, வலது கையால் தோளையும் கழுத்தையும் சரிபார்த்தேன். முடிந்ததும் கையை விரித்தேன். அவள் எடுத்து, புரட்டிப் பார்க்காமல், கண்ணாடிகூடப் பார்க்காமல், என் மகன் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே காதில் மாட்டித் திருகிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, மெஷினை இறக்கித் துடைத்தேன். பேட்டரியை மாற்றி ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு, என் வெறும் உள்ளங்கையின் மேல் வட்டத்தை ஒரு தடவை ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. மெஷினை ஆணியில் மாட்டிவிட்டு அவள் மகளின் சட்டையை வெட்ட உட்கார்ந்தேன்.